மெர்போக் ஆற்றங்கரைக்கு ஒரு நாள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். “எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள்” என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். அப்பா சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார். ஒருவர் பினாங்குக் கொடிமலை என்கிறார். இன்னொருவர் லங்காவி என்கிறார். கப்பல் கட்டணம், தங்கும் செலவு, சாப்பாடு என்று அம்மா விரல்விட்டு எண்ணத் தொடங்கியதும் பேச்சு அடங்கிவிடுகிறது. கடைசியில் சுங்கை பட்டாணியில் ஒரு பேரங்காடிக்குள் நுழைந்து, குளிர்ந்த காற்று வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஓர் ஐஸ்கிரீம் தின்றுவிட்டுத் திரும்புகிறோம். விடுமுறை முடிந்தது!

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான். நாம் இருப்பது கெடாவில். உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்து மண்ணைத் தோண்டிப் பார்க்கும் ஆற்றங்கரை நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பீடோங், செமிலிங், மெர்போக், பாடாங் செராய், சுங்கை கெட்டில் என்று தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் அதை ஒரு முறையேனும் போய்ப் பார்த்திருக்கிறோம்? மனத்தைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இந்த மாதம் அந்த ஆற்றங்கரைக்குத்தான் உங்களை அழைக்கிறேன்.

போகும் வழி

சுங்கை பட்டாணியிலிருந்து வடக்கே பீடோங் பட்டணம். அங்கிருந்து மேற்கே திரும்பினால் செமிலிங், பிறகு மெர்போக். மொத்தம் சுமார் 25 கிலோமீட்டர்தான். பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் ஆளுக்குச் சில வெள்ளியில் காரியம் முடிந்துவிடும். புளிச்சோறும் வறுத்த கருவாடும் கட்டிக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் மறவாதீர்கள். பிள்ளைகளுக்குச் சிலிப்பர் வேண்டாம், சப்பாத்துப் போடுங்கள். மழை பெய்திருந்தால் அங்குள்ள கற்படிகள் வழுக்கும்.

வழி நெடுக ஒரு மலை உங்கள் கூடவே வரும். அதுதான் ஜெராய் மலை. உயரம் 1,217 மீட்டர். கடலோரச் சமவெளியில் தனியே எழுந்து நிற்பதால் வெகு தூரத்திலிருந்தே கண்ணில் படும். வரைபடத்தை எடுத்து, இலங்கையின் தென்முனையில் விரலை வைத்து நேர் கிழக்கே நூல் பிடித்தாற்போல் இழுத்துப் பாருங்கள். விரல் கிட்டத்தட்ட இந்த மலையடிக்கே வந்து நிற்கும். பாய்மரக் கப்பலில் வங்கக் கடலைக் கடந்தவனுக்கு, நாள் கணக்கில் தண்ணீரையே பார்த்த கண்ணுக்கு, இந்த மலைதான் “கரை வந்துவிட்டது” என்று சொன்ன அடையாளம். மலையடியில் மெர்போக் ஆறு. புயலுக்குப் பயந்து கப்பலை ஒதுக்க நல்ல கழிமுகம். குடிக்க நல்ல நீர். காற்று திசை மாறும் வரை தங்கியிருந்து, சரக்கை மாற்றிக்கொண்டு, எதிர்க்காற்று பிறந்ததும் திரும்பிப் போவார்கள். அப்படித்தான் இங்கே ஒரு துறைமுகம் வளர்ந்தது. அந்த வட்டாரத்தைத்தான் இன்று பூஜாங் பள்ளத்தாக்கு என்கிறோம்.

சண்டி என்னும் கோயில்

மெர்போக்கில் உள்ள அரும்பொருளகம் 1980இல் திறக்கப்பட்டது. மலைச்சரிவில், சலசலத்து ஓடும் ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேயே மேட்டில் நிற்பதுதான் புக்கிட் பத்து பாஹாட் சண்டி. பழைய கோயில் கட்டடத்தை மலாய்மொழியில் சண்டி என்பார்கள். பத்து பாஹாட் என்றால் உளி கொண்டு செதுக்கிய கல் என்று பொருள். 1936-37ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயரும் அவர் மனைவி டோரதியும் இந்த வட்டாரத்தில் பல சண்டிகளைத் தோண்டிக் கண்டார்கள். சரிந்து கிடந்த இந்தச் சண்டியின் கற்களை 1959-60இல் அலஸ்டேர் லேம்ப் என்பவர் மீண்டும் அடுக்கி நிறுத்தினார்.

போய் நின்றதும் “இவ்வளவுதானா?” என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். தஞ்சைப் பெரிய கோயிலைப் படத்தில் பார்த்த கண்ணுக்கு இது சிறியதுதான். கோபுரம் இல்லை, கூரையும் இல்லை. அவசரப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள். பிள்ளைகளைக் கிட்டே அழைத்துத் தரையைக் காட்டுங்கள். உள்ளே சதுரமாக இருப்பது கருவறை. முன்னே நீண்டு கிடப்பது மண்டபம். நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் அமைப்பும் இதுதானே? மண்டபத் தரையில் தூண்கள் நின்ற கல் ஆதாரங்களைப் பாருங்கள். அவற்றின் மேல் மரத்தூண்கள் நின்றன. மேலே மரமும் ஓலையும் போன்ற பொருளால் கூரை வேய்ந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். மரம் மக்கியது. ஓலை பறந்தது. கல் மட்டும் எஞ்சியது.

இந்தச் சண்டியின் அடியில் கல் பேழைகள் கிடைத்தன. உள்ளே சிறு சிறு குழிகள். குழிகளில் மணிகளும் உலோகத் துண்டுகளும். புது வீட்டுக்குக் கடைக்கால் போடும்போது நவதானியமும் காசும் வைத்துப் பூசை செய்கிறோம் அல்லவா? அதே எண்ணந்தான். கட்டியவர்கள் யாராக இருந்தாலும், “இந்த இடம் நிலைக்க வேண்டும்” என்று வேண்டிக்கொண்டுதான் மண்ணுக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள்.

அரும்பொருளகத்துக்குள் சிதைந்த தெய்வ உருவங்கள், அபிஷேக நீர் வழிந்தோடும் கல் தூம்பு, சீனத்துப் பீங்கான் துண்டுகள், கண்ணாடி மணிகள் எல்லாம் இருக்கின்றன. வெளியே, பெண்டியாட், பெண்டாங் டாலாம் முதலிய இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அமைத்த சண்டிகளும் உண்டு. பார்த்து முடித்ததும் ஓடைக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். குப்பையை மட்டும் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.

பீடோங்கிலிருந்து செமிலிங் போகும் அதே சாலையில், ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கும் பக்கத்தில், சுங்கை பத்து என்னும் இடம் இருக்கிறது. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்து வருகிறார்கள். இரும்பு உருக்கிய உலைகளும், துருத்தியிலிருந்து காற்றுப் போன களிமண் குழாய்களும், கப்பல் துறை என்று கருதப்படும் செங்கல் கட்டுமானங்களும் கிடைத்திருக்கின்றன. எத்தனை நூற்றாண்டுப் பழமை என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. அந்த வாதத்தை அவர்களிடம் விட்டுவிடுவோம். உலை முன்னால் நின்று நெருப்பில் வெந்தவன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவன் விட்ட இரும்புக் கசடு மட்டும் குவிந்து கிடக்கிறது. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பால் வெட்டி, வாளி சுமந்து ஓய்ந்த கைகளுக்கு, அந்தக் கசட்டுக் குவியல் ஒரு சேதி சொல்லும். என்ன சேதி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடலின் இரு கரைகள்

“இதெல்லாம் தமிழன் கட்டியது, கடாரம் நம்முடையது” என்று மார்தட்டுகிறவர்கள் நம்மிடையே உண்டு. “நாம் நேற்று வந்த கூலிகள், இதற்கும் நமக்கும் என்ன?” என்று தலை குனிகிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த சரக்குகளைச் சொல்லும் பட்டினப்பாலை, காழகத்துப் பொருளையும் சொல்கிறது. காழகம் என்றால் கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். 1006ஆம் ஆண்டளவில் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட ஸ்ரீமாற விஜயோத்துங்க வர்மன், தன் தந்தை சூடாமணி வர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே இறையிலியாகக் கொடுத்தான் முதலாம் இராசராசன். சோழன் சைவன். கட்டியவன் பௌத்தன். ஆனாலும் நிலம் கொடுத்தான். செப்பேடு அதைச் சொல்கிறது.

அதே சோழ வீட்டில் பிறந்த இராசேந்திரன் 1025இல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கினான். அரசனைப் பிடித்ததையும், யானைகளையும் பொருளையும் கவர்ந்ததையும் தஞ்சைக் கல்வெட்டு பெருமையாகப் பேசுகிறது. கடாரங்கொண்டான் என்று பட்டமும் சூடிக்கொண்டான். படை வந்தது, வென்றது, போனது. அது வீரமா, கொள்ளையா என்பது எந்தக் கரையில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. நாம் இன்று இந்தக் கரையில் அல்லவா நிற்கிறோம்?

வந்தவர்கள் தமிழர் மட்டுமும் அல்லர். 1834இல் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி செபராங் பிறையின் வடபகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் கப்பல் தலைவன், பயணம் நல்லபடி நடக்க வேண்டும் என்று வேண்டிச் செதுக்கிய கல் அது. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அவன் ஊரின் பெயருக்குச் செம்மண் என்று பொருள். அது வங்காளத்தில் இருந்தது என்பது பலர் கருத்து. சீனர் வந்தார்கள், அரபு நாட்டார் வந்தார்கள். இந்த மண்ணிலேயே வாழ்ந்த மக்கள் வந்தவர்களோடு வாணிபம் செய்தார்கள். பிடித்த தெய்வத்தை ஏற்றுக்கொண்டார்கள். தங்கள் கையால் தங்கள் முறையில் கோயில் கட்டினார்கள். ஆகவே இந்தச் சண்டிகள் எல்லாருக்கும் பொதுவான சொத்து.

இனி, தலை குனிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தாத்தா பாட்டி எங்கே கப்பல் ஏறினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் “நாகப்பட்டணம்” என்றுதான் பதில் வரும். ரஜூலா கப்பல் 1926 முதல் 1973 வரை சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. கடாரத்து அரசன் விகாரம் எழுப்பிய அதே நாகப்பட்டினம். அங்கிருந்து கிளம்பியவர்கள் வந்து இறங்கிப் பால்மரம் வெட்டியது அதே கடாரம். ஆயிரம் ஆண்டு ஓடிய பாதையில்தான் நம் முன்னோரும் வந்தார்கள். அவர்கள் வந்தது அரசராக அல்ல, வணிகராகவும் அல்ல, கூலிக்கு வந்தார்கள். அதனால் பாதை மாறிவிடுமா? பாதை ஒன்றுதான்.

பதினோராம் எண்

இப்போது ஒரு வருத்தமான சேதி. நாகப்பட்டினத்து விகாரத்தில் கடைசியாக எஞ்சி நின்ற கோபுரம் 1867இல் அரசாங்க அனுமதியோடு இடித்துத் தள்ளப்பட்டது. அது அந்தக் கரை. இந்தக் கரையில் என்ன நடந்தது?

பூஜாங் பள்ளத்தாக்கில் கண்டுபிடித்த சண்டிகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். பதினோராம் எண் சண்டி சுங்கை பத்து தோட்டத்தில் இருந்தது. தோட்டத்து நிலம் வீடமைப்புக்கு என்று கை மாறியது. 2013ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நாளிதழ்களில் செய்தி வந்தபோது சண்டி அங்கே இல்லை. மண்வாரி இயந்திரம் வழித்துப் போட்டுவிட்டது. நாடே கொதித்தது. விசாரித்துப் பார்த்தால், பாதுகாக்கப்பட்ட இடம் என்று அது அரசிதழில் அறிவிக்கப்படவே இல்லை. நிலம் தனியாருடையது. பேர்ப்பலகை இல்லை, வேலி இல்லை, பார்க்க வந்தவர்களும் அதிகமில்லை.

வாசகர்களே, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். பார்க்க ஆளில்லாத இடம் அழிந்து போகும். சட்டம் வேண்டும், காவல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் நான்கு குடும்பம் வந்து போகும் இடத்தில் மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்த யாரும் ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பார்கள். கல்லுக்குக் காவல் கண்தான்.

புதைந்து கிடப்பது இன்னும் ஏராளம். 2023இல் யான் வட்டாரத்தில் புக்கிட் சோராஸ் என்னும் குன்றில் அகழ்ந்தபோது, சுதையால் செய்த ஆளுயரச் சிலைகள் வெளிவந்தன. ஆயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் அமர்ந்திருந்தவை! செம்பனை வரிசைகளுக்கு இடையே, ஆற்றோர மேடுகளில் இன்னும் என்னென்ன உண்டோ?

ஆறு கடலில் விழும் இடம்

சண்டி பார்த்த பிறகு அப்படியே மேற்கே போனால் சாலை தஞ்சோங் டாவாயில் முடிகிறது. மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடம். மீனவர் குடியிருப்பு. நெத்திலி, கருவாடு, பெலாச்சான் எல்லாம் கடை கடையாகக் கிடைக்கும். அம்மாமார்கள் இங்கே சற்று நேரம் எடுத்துக்கொள்வார்கள், அப்பாமார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எதிர்க்கரையில் தெரிவது மெர்டேக்கா கடற்கரை. ஆற்றின் இரு பக்கமும் கண்டல் காடு. வேர்கள் விரல் விரலாகச் சேற்றில் ஊன்றி நிற்கும். நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்வது அங்கேதான். அலை சீறி வந்தால் முதலில் நெஞ்சு கொடுப்பதும் அந்தக் காடுதான்.

தெற்கே, கெடாவுக்கும் செபராங் பிறைக்கும் எல்லையாக ஓடிவந்து மூடா ஆறு கடலைச் சேருகிறது. அங்கே கோத்தா கோல மூடாவில் ஒரு வேடிக்கையான மீன் சந்தை உண்டு. கிசுகிசுச் சந்தை என்று பெயர். படகு கரை சேர்ந்ததும் வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக மீன்காரர் காதில் தன் விலையை மெல்லச் சொல்வார்கள். யார் என்ன சொன்னார் என்று மற்றவருக்குத் தெரியாது. அவர் மனத்துக்குப் பிடித்த விலைக்கு மீன் போய்விடும். கூச்சல் இல்லை, சண்டை இல்லை. நம் ஊர் ஏலத்தைப் பார்த்தவர்கள் அவசியம் போய்ப் பார்க்க வேண்டும்!

அதே ஊரில் சிரிப்பை அடக்கும் ஓர் இடமும் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்தபோது கெடாவில் கடுமையாக அடிபட்ட கிராமங்களில் இதுவும் ஒன்று. உடைந்த படகுகளைக் கொண்டே நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்டி, கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால் ஆற்றின் மேற்பகுதிக்குப் போகலாம். மூடாவில் வந்து சேரும் கெட்டில் ஆற்றுப் பக்கம் பாலிங். உலு லெகோங் வெந்நீர் ஊற்றில் கால் வலி போக உட்காரலாம். 1955 டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் நேருக்கு நேர் அமர்ந்து பேசியது பாலிங் பள்ளிக்கூடத்தில்தான். பேச்சு முறிந்தது. அவசரகாலம் 1960 வரை நீடித்தது. லயத்தைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி என்று நம் பெரியவர்கள் பட்ட பாட்டை அந்தப் பள்ளி முன் நின்று பிள்ளைகளுக்குச் சொன்னால் மனத்தில் நிற்கும்.

நாம் செய்யக்கூடியது

மூன்று காரியங்கள் சொல்கிறேன், செலவில்லாதவை.

முதலாவது, வருடத்துக்கு ஒரு முறையாவது குடும்பத்தோடு போய் வாருங்கள். தோட்டத்துக் கோயில் நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நினைத்தால் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம்.

இரண்டாவது, தோட்டத்திலோ ஆற்றோரத்திலோ பழைய செங்கல்லோ, செதுக்கிய கல்லோ, பானை ஓடோ கண்ணில் பட்டால் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். தோண்டியும் பார்க்காதீர்கள். எங்கே, எப்படிக் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பே இருக்கிறது. இடத்தைக் குறித்துக்கொண்டு அரும்பொருளகத்தாருக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். சண்டியை மட்டும் பழமை என்று எண்ண வேண்டாம். 1940களின் பிற்பகுதியில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை கிளம்பிக் கள்ளுக்கு எதிராக மறியல் செய்தது. அதைச் சொல்லும் பலகை எந்த லயத்து வாசலில் இருக்கிறது? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடுகள் வருகின்றன. லயம், பெரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, தோட்டத்துப் பள்ளி எல்லாம் ஒவ்வொன்றாக மறைகின்றன. உங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும், எந்த மேட்டில் பழைய கோயில் இருந்தது, எந்த ஆற்றுத்துறையில் துணி துவைத்தார்கள், கப்பலில் வந்தவர் யார் என்று. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கிப் பேரப்பிள்ளையிடம் கொடுத்து, பாட்டி சொல்லச் சொல்ல எழுத வையுங்கள். தோட்டத்தின் பெயர், வந்த வருடம், ஏறிய துறைமுகம், இவை மூன்றையும் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

சண்டியின் அடியில் யாரோ ஒருவர் மணியை வைத்து மூடினார். ஆயிரம் ஆண்டு கழித்து நாம் கண்டோம். நம் பங்குக்கு நாமும் எதையாவது வைத்துவிட்டுப் போக வேண்டாமா?

வரும் விடுமுறைக்கு மெர்போக் போய் வாருங்கள். பார்த்ததையும் பாட்டி சொன்னதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.